பதிவேடு பழசு, கேமரா புதுசு

(கருவேப்பிலங்குறிச்சியில் இளைஞர்களும் மாணவர்களும் கூடிய ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'காவல்துறை நவீனமயமும் தலித் மக்களும்' என்கிற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் கவிதை எழுதுகிறவன். பிழைப்புக்கு வங்கியில் எழுத்தர். இந்தத் தலைப்பில் பேச வக்கீல் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்று முதலில் கேட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தபோது, இந்த விவகாரத்தின் நடுவில் இருப்பது லத்தியும் துப்பாக்கியும் இல்லை, ஒரு பதிவேடு என்று பட்டது. பதிவேடுகளோடு தினமும் மாரடிக்கிறவன் என்கிற ஒரே தகுதியில் பேச ஒத்துக்கொண்டேன்.

எந்தக் கடைவீதியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் இன்றைக்குக் கேமரா இருக்கிறது. நகைக்கடை, துணிக்கடை, டாஸ்மாக், பேருந்து நிலையம், கோயில் வாசல், நாலு ரோடு பிரிகிற முக்கு. சிலது கடைக்காரர் காசு, சிலது வணிகர் சங்கம் வாங்கிக் கொடுத்தது, பெரிய நகரங்களில் அரசாங்க மானியம். கேட்டால் ஒரே பதில்தான்: 'திருட்டு நடக்குதுங்க, கூட்டமா வந்து அடிச்சிட்டுப் போறாங்க.' திருட்டே நடக்கவில்லை என்று நாம் சொல்லப்போவதில்லை. திருட்டு கொடுத்தவர்களில் நம்ம ஆட்களும் உண்டு. ஆறு மாசம் சீட்டுக் கட்டி எடுத்த அரைப் பவுன் தோட்டைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அந்தத் தோடு திரும்ப வரணும். அதைக் கண்டுபிடிக்கத்தான் போலீசுக்குச் சம்பளம். என் கேள்வி வேறு. இந்த இயந்திரம் திருடனைத் தேடப் புறப்படும்போது எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது? திருட்டு நடந்த கடையிலிருந்தா, நம்ம தெருவிலிருந்தா?

முதலில் பணத்தைப் பார்ப்போம். போலீஸ் நவீனமயத்துக்கு ஒன்றிய அரசு மாநிலங்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் 1969இல் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் அதை நீட்டித்தபோது 2021இலிருந்து 2026 வரையான ஐந்து நிதியாண்டுகளுக்கு ஒதுக்கியது 26,275 கோடி ரூபாய். 2009இல் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களையும் கணினியால் இணைக்க சி.சி.டி.என்.எஸ். என்கிற திட்டத்துக்கு 2,000 கோடி. தில்லியில் 2012 டிசம்பரில் அந்த மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு உண்டாக்கப்பட்ட நிர்பயா நிதியிலிருந்து எட்டு நகரங்களுக்குப் 'பாதுகாப்பான நகரம்' திட்டம் வந்தது. அதில் சென்னையும் ஒன்று. ஒன்றிய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. பெண்களின் பாதுகாப்புக்காக என்று வந்த பணத்தில் பெரும்பகுதி கேமராவாகவும் கட்டுப்பாட்டு அறையாகவும் ஆனது.

மானியம் எப்படி வேலை செய்கிறது என்பது வங்கியில் இருக்கிறவனுக்குத் தெரியும். பணம் வந்தால் செலவழிக்கணும். செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்று தரணும். அந்தச் சான்று போனால்தான் அடுத்த தவணை வரும். மார்ச் மாசக் கடைசியில் அலுவலகங்கள் எல்லாம் ஏன் ராத்திரி வரைக்கும் விளக்கெரிய உட்கார்ந்திருக்கின்றன என்று நினைக்கிறீர்கள்? ஒரு விசாரணை அதிகாரியின் பொறுமையைச் சான்றிதழில் எழுத முடியாது. அடிக்காமல் விசாரிக்கக் கற்றுக்கொண்ட ஏட்டை எண்ணிக் காட்ட முடியாது. கேமராவை எண்ணலாம், பில் வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். ஆகையால் மானியம் எப்போதும் இயந்திரமாகத்தான் ஊர் வந்து சேரும். வந்து சேர்ந்த இயந்திரம் சும்மா இருக்க முடியாது. அது பிடித்துக் காட்டணும். யாரைப் பிடிப்பது?

இந்த இடத்தில் அமெரிக்காவின் கதை ஒன்று உதவும். அங்கே சில வருஷமாகக் கடைத் திருட்டு பெரிய அரசியல். கும்பலாக வந்து கடையைச் சூறையாடுகிறார்கள் என்று தொலைக்காட்சிகள் அலறின. கலிஃபோர்னியா மாநிலம் 2023 செப்டம்பரில் 55 காவல், வழக்காடல் அமைப்புகளுக்கு 26 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் மானியம் அறிவித்தது. அதில் வாங்கப்பட்டவற்றில் கேமராக்களும் வண்டி எண்ணைப் படிக்கிற கருவிகளும் உண்டு. அதே வருஷம் டிசம்பரில் என்ன நடந்தது தெரியுமா? அந்த நாட்டின் சில்லறை வணிகர் கூட்டமைப்பு, சரக்கு இழப்பில் ஏறக்குறைய பாதி, அதாவது 9,450 கோடி டாலரில் பாதி, கும்பல் திருட்டால் வந்தது என்று தன் அறிக்கையில் சொல்லியிருந்தது. அந்தக் கணக்கு தப்பு என்று அதுவே திரும்ப எடுத்துக்கொண்டது. அறிக்கை திரும்பிப் போனது. மானியமும் கேமராவும் திரும்பிப் போகவில்லை.

அந்தக் கேமராவின் கீழே அகப்பட்ட ஒரு மனிதரின் பெயர் ராபர்ட் வில்லியம்ஸ். டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பர். 2018இல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடுபோயின. கடைக் கேமராவில் விழுந்த மங்கலான படத்தை மென்பொருளில் போட்டுப் பார்த்தார்கள். அது இவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தை எடுத்துக் கொடுத்தது. 2020 ஜனவரியில், மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் பார்த்திருக்க, வீட்டு வாசலில் விலங்கு மாட்டினார்கள். 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். அவர் அந்தக் கடைப் படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டி, கறுப்பர் எல்லாரும் உங்களுக்கு ஒரே மாதிரியா தெரியுறோமா என்று கேட்க வேண்டியிருந்தது. 2024இல் 3 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுத்து நகர நிர்வாகம் சமாதானம் பேசியது. மென்பொருள் காட்டியது என்பதை மட்டும் வைத்து யாரையும் கைது செய்ய மாட்டோம் என்றும் ஒத்துக்கொண்டது.

முகம் பார்த்துப் பாலினம் சொல்கிற மென்பொருள்களை 2018இல் இரண்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வெள்ளை ஆணின் முகத்தில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பாகவில்லை. கறுத்த பெண்ணின் முகத்தில் நூற்றுக்கு 34 வரை தப்பு. நம்ம நாட்டில் தில்லி போலீஸ் தன்னுடைய முகங்காணும் மென்பொருள் நூற்றுக்கு இரண்டுதான் சரியாகக் காட்டுகிறது என்று 2018இல் உயர்நீதிமன்றத்திலேயே சொன்னது. அடுத்த வருஷம் அது ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்குமே வித்தியாசம் காணவில்லை என்று ஒன்றிய அமைச்சகம் சொன்னது. 'இப்ப மென்பொருள் ரொம்ப முன்னேறிடுச்சு சார்' என்பார்கள். இருக்கலாம். நாளைக்கு நூற்றுக்கு நூறு சரியாகவே காட்டட்டும். அப்போதும் என் கேள்வி அப்படியே நிற்கும். கேமரா ஒரு முகத்தைப் பார்க்கிறது, சரி. எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது?

பதிவேட்டோடு. அங்கேதான் நாம் வருகிறோம்.

2017இல் தி.நகரில் போலீஸ் கையில் ஒரு செல்போன் செயலி வந்தது. தீபாவளிக் கூட்டத்தில் சந்தேகப்பட்ட ஆளைப் படம் எடுத்தால், பழைய குற்றவாளிகளின் படத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும். 2021 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதற்குமான முகம் அடையாளம் காணும் மென்பொருளை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். தொடங்கும்போதே அதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்கள். ரோந்து போகிற காவலர் யாரையும் நிறுத்திப் படம் எடுத்துத் தட்டிப் பார்க்கலாம். 2024இல் அந்தத் தளத்துக்குள் யாரோ புகுந்து விவரங்களை அள்ளிக்கொண்டு போனதாகச் செய்தி வந்தது. ஒரு கணக்கின் கடவுச்சொல் வழியாக நடந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை என்கிற மாதிரி விளக்கம் வந்தது. திருட்டைத் தடுக்க வைத்த பெட்டகமே திருடுபோனது. அதில் யார் யார் முகம் போனது என்று அந்த முகத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு யாராவது கடிதம் போட்டார்களா?

ஐந்து லட்சம் பேர் யார்? அவர்களில் எத்தனை பேர் தண்டனை பெற்றவர்கள், எத்தனை பேர் வெறும் சந்தேகக் கேஸ், எத்தனை பேர் விடுதலையானவர்கள், எத்தனை பேர் என்ன சாதி? இந்தக் கேள்விக்குப் பதிலைத் தெரிந்துகொள்ள நாம் புதிய மென்பொருளைத் திறக்க வேண்டியதில்லை. பழைய பதிவேட்டைத் திறந்தால் போதும்.

வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911இல் அது திருத்தி எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் செய்தவனைப் பதிவது என்பது போய், பிறந்தவனைப் பதிவது என்று ஆனது. பெயரைக் கொடு, விரல் ரேகையைக் கொடு, ராத்திரியில் வந்து ஆஜராகு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். சுட்டுக் கொன்றார்கள். மாயக்காள் என்கிற பெண் உட்பட 16 பேர். மதுரைப் பக்கத்துக் கதைதானே என்று நினைக்காதீர்கள். நம்ம தென்னார்க்காட்டுக் கதையும் இருக்கிறது. இங்கிருந்து ரொம்ப தூரமில்லாத வேப்பூரின் பெயரால் 'வேப்பூர்ப் பறையர்' என்றே ஒரு இனத்தைக் குற்றப் பட்டியலில் எழுதினார்கள். ஒரு ஊர்ப் பெயரும் ஒரு சாதிப் பெயரும் சேர்ந்தால் ஒரு குற்றம் என்று ஆயிற்று. குறவர்கள் பட்டியலில் இருந்தார்கள். வெள்ளையன்குப்பம் படையாட்சிகளும் இருந்தார்கள். இன்றைக்குச் சாதிப் பெருமை பேசி சேரிக்குள் கல்லெறிகிற பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியலை ஒருவரும் படித்துக் காட்டுவதில்லை. காட்டினால் கல் கை நழுவும் என்கிற பயம்.

சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுக்க 1952இலும் சட்டம் ரத்தானது. ஆனால் 1948இலேயே இங்கே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் என்று வேறொன்று எழுதி வைத்தாயிற்று. பரம்பரை போய் வழக்கம் வந்தது. பெயரை மாற்றினார்கள், பேரேட்டை மாற்றவில்லை.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஃபூக்கோவைக் கூப்பிட வேண்டியதில்லை. பீங்கான் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கே தெரியும். பிளாஸ்டர் அச்சுக்குள் மண்கூழை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணியை உறிஞ்சிக்கொள்கிறது, மண் அச்சின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. அப்புறம் சூளை. பழைய சூளையோ நவீனச் சூளையோ, பிள்ளையார் அச்சில் ஊற்றினால் பிள்ளையார்தான் வெளியே வரும். அச்சை மாற்றாமல் சூளையை மட்டும் மாற்றுவதற்குப் பெயர்தான் நவீனமயம்.

ஏன், கேமரா வருவதற்கு முன்னாலேயே ஊரில் முகங்காணும் கருவி இல்லையா? டீக்கடை பெஞ்சு இருக்கிறதே! புதுசாக ஒரு பையன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தால், 'தம்பி எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு மகன்?' மூன்று கேள்வி. மூன்றாவது கேள்விக்குப் பதில் வருவதற்குள் அவன் இன்னார் என்று தெரிந்துவிடும். சாதி என்பதே மின்சாரம் தேவைப்படாத கண்காணிப்பு. போலீஸ்காரரும் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து போய்த்தான் உடுப்பு மாட்டுகிறார். அவர் யாரை நிறுத்திப் படம் எடுப்பார்? கார் கண்ணாடியை இறக்கச் சொல்லியா எடுப்பார்?

முதனை இங்கே பக்கத்து ஊர். முதனையின் ராஜாக்கண்ணு குறவர் சமூகத்துத் தொழிலாளி. 1993 மார்ச்சில் ஒரு வீட்டில் நகை திருடுபோன புகாரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் மட்டுமில்லை, மனைவி பார்வதியையும் உறவினரையும்கூட விடவில்லை. அடித்தார்கள். பிறகு, அவர் தப்பி ஓடிவிட்டார் என்று சொன்னார்கள். பார்வதி சும்மா இருக்கவில்லை. கட்சித் தோழர்கள் துணை நின்றார்கள். வழக்கறிஞர் சந்துரு உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவில் வாதாடினார். ஓடிப்போனதாகச் சொல்லப்பட்டவர், ஜெயங்கொண்டம் பக்கத்தில் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தவர் என்று வெளியே வந்தது. போலீசாருக்குத் தண்டனை கிடைத்தது 2006இல். பதின்மூன்று வருஷம். 2021இல் 'ஜெய்பீம்' படம் வந்த பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது. படத்தில் அவர் இருளர். நிஜத்தில் குறவர்.

அந்த ஒரு சொல்லை மட்டும் யோசியுங்கள், தோழர்களே. அடையாளம் தெரியாத பிணம். திருட்டுக்கு ஆள் தேடும்போது அந்த முகம் அவர்களுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. உயிர் போனதும் அதே முகம் அடையாளம் தெரியாததாகிவிட்டது. முகங்காணும் மென்பொருள் இங்கே வராத 1993இல் நடந்தது இது. எப்போது நம்மை அடையாளம் காண்பது, எப்போது காணாமல் இருப்பது என்று தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் என்பதுதான் விஷயம். இயந்திரம் வந்தால் அந்த அதிகாரம் கை மாறுமா? அதே கையில் இன்னொரு ஆயுதமாகச் சேருமா?

ஒரு தடவை நடந்தது என்று தள்ளிவிட முடியாது. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் பக்கம் தி.மண்டபம் இருளர் குடியிருப்புக்குத் திருட்டு விசாரணை என்று போன போலீசார் மீது நான்கு பெண்கள் பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தார்கள். பேராசிரியர் கல்யாணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் அந்தப் பெண்களோடு நின்றார்கள். 2023 ஜூனில் கிருஷ்ணகிரி மாவட்டம் புளியாண்டப்பட்டிக் குறவர் குடும்பங்களை ஆந்திராவின் சித்தூர் போலீஸ் நகைத் திருட்டு என்று கொண்டுபோய், பெண்கள் உட்படச் சித்திரவதை செய்ததாகப் புகார் எழுந்தது. மாநிலம் விட்டு மாநிலம் வந்து வீட்டைத் தேடிப் பிடிக்க முடிகிறது. கணினியில் இணைத்த பதிவேட்டுக்கு எல்லைச் சாவடி ஏது?

நம்முடைய முகத்தையும் விரலையும் இந்த இயந்திரங்கள் எப்படி நடத்துகின்றன என்று நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். முந்திரிக்கொட்டை உடைக்கிற அம்மாக்கள் முதியோர் உதவித்தொகை எடுக்க வருவார்கள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் தோல் வெந்து உரிந்திருக்கும். கருவியில் வைத்தால் ரேகை விழாது. 'தொடைச்சிட்டு வையிம்மா', 'அடுத்த விரல வையி', 'நாளைக்கு வாம்மா'. தனக்குச் சேர வேண்டிய பணத்தை வாங்க வரும்போது இயந்திரம் அந்தக் கிழவியை யாரென்று தெரியவில்லை என்கிறது. அவளுடைய பேரன் கடைவீதியில் நடந்து போனால் இன்னொரு இயந்திரம் அவனைத் தெரியும் தெரியும் என்கிறது.

வங்கியில் ஒரு ஒழுங்கு உண்டு. ஒருவர் பதிவு போட்டால் இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்கணும். தப்பான பதிவு விழுந்துவிட்டால் எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்யணும். யார், எந்த நேரத்தில், ஏன் என்று தடம் இருக்கணும். வருஷா வருஷம் வெளியாள் வந்து தணிக்கை செய்வார். நூறு ரூபாய்க்கு இவ்வளவு காவல். ஒரு பையனின் பெயர் சந்தேகப் பட்டியலில் ஏறுகிறது. ஏற்றியவர் யார்? சரிபார்த்தவர் யார்? கேஸ் விடுதலையான பிறகு எதிர்ப்பதிவு போட்டவர் யார்? அவன் பெயர் அதில் இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னவர் யார்? நூறு ரூபாய்க்கு இருக்கிற மரியாதை ஒரு தலித் முகத்துக்கு இல்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. சரித்திரப் பதிவேடுகளில் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் அப்பாவிப் பெயர்கள் முன்முடிவோடு சேர்க்கப்படுகின்றன என்கிற கவலையை உச்சநீதிமன்றமே 2024 மே மாதத்தில் அமானதுல்லா கான் வழக்கில் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறை விதிகளில் சாதி பார்ப்பதை ரத்து செய்தது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் பழக்கம் இன்னும் உயிரோடிருப்பதையும் பேசியது. தீர்ப்பு தில்லியில் இருக்கிறது. மென்பொருள் ஏட்டின் சட்டைப்பையில் இருக்கிறது.

அப்படியானால் கேமராவே வேண்டாமா என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது, அதில் விழுந்ததை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்கிறேன்.

2020 ஜூனில் சாத்தான்குளம். ஜெயராஜும் பென்னிக்ஸும் கடைக்காரர்கள். செல்போன் கடை வைத்திருந்தவர்கள். கடைக்காரர்களைக் காப்பாற்றத்தானே இவ்வளவு கேமரா என்கிறார்கள்! அந்தக் கடைக்காரர்களை ராத்திரி முழுக்க அடித்த காவல் நிலையத்திலும் கேமரா இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் என்ன கண்டார்? சேமித்து வைக்கப் போதுமான இடம் இருந்தும், அன்றன்றைக்குப் பதிவானது தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். தெருவில் நம் முகத்தை வருஷக்கணக்காக மறக்காத துறை, தன் அறைக்குள் நடந்ததை அன்றைக்கே மறக்கிறது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். காரில் வைத்த நகை காணோம் என்கிற ஒரு புகார்தான். அவரை அடித்துக் கொன்றதை உலகுக்குக் காட்டியது ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த காணொளி. கோடிக்கணக்கில் மானியம் வாங்கிய எந்தக் கருவியும் செய்யாத வேலையை ஒரு சாதாரண மனிதரின் செல்போன் செய்தது.

இன்னொன்றும் கேட்கணும். கூட்டாகத் திட்டம்போட்டுத் திருடுவதுதான் பெரிய குற்றம் என்றால், நம்மிடம் திருடியவர்கள் பட்டியல் எங்கே? 1892இல் நம் மக்களுக்கென்று ஒதுக்க உத்தரவான பஞ்சமி நிலம், 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பட்டா மாறியது, பத்திரம் மாறியது, வேலி மாறியது. கர்ணமும் பத்திர அலுவலகமும் மிராசுதாரும் சேர்ந்து செய்தால்தானே அது நடக்கும்? இதைவிட ஒழுங்கமைக்கப்பட்ட திருட்டு உண்டா? அதைத் திருப்பிக் கேட்ட ஜான் தாமசும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஒரு புடவையை இடுப்பில் செருகியவளின் முகம் பதிவேட்டில் ஏறுகிறது. ஏக்கர் ஏக்கராக விழுங்கியவரின் முகம் கல்யாண மண்டபத் திறப்பு விழாக் கல்வெட்டில் இருக்கிறது.

இப்போது வேலைக்கு வருவோம். கோபப்பட்டுவிட்டுக் கலைந்து போகிற கூட்டமாக இது இருக்கக் கூடாது. நாலு காரியம் சொல்கிறேன்.

ஒன்று. எல்லாக் காவல் நிலையத்திலும் ஒலியோடு பதிவாகும் கேமரா இருக்கணும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்கணும் என்று உச்சநீதிமன்றம் 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவிட்டது. வாசல், லாக்கப், வராந்தா எல்லாம் அதில் அடக்கம். நம்ம ஆளை விசாரணை என்று கூட்டிப்போனால், மறுநாளே அந்த நாள், அந்த நேரம் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள். விரைவுத் தபாலில் மேலதிகாரிக்கும் ஒரு நகல். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அழிந்துவிட்டது என்று பிறகு சொன்னால் அந்த ரசீது பேசும்.

இரண்டு. 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், 1920இன் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, விரல் ரேகையோடு கண் பாவை, ரத்தம் வரைக்கும் எடுக்கலாம், 75 வருஷம் வைத்திருக்கலாம் என்கிறது. ஒரு மனுஷன் ஆயுசுக்கு மேல். கொடுமையான சட்டம். அதை எதிர்க்கணும். எதிர்த்துக்கொண்டே அதில் இருக்கிற ஒரு வரியைப் பயன்படுத்தணும். முன்தண்டனை இல்லாத ஒருவர் விசாரணையில்லாமல் விடப்பட்டாலோ விடுதலையானாலோ, மேல்முறையீடுகள் முடிந்த பிறகு, நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லாதவரை, அவர் பதிவுகளை அழிக்கணும். நம்ம தெருவில் விடுதலையானவர்கள் எத்தனை பேர்? தீர்ப்பு நகலோடு ஒவ்வொருவர் பெயரிலும் மனுப் போடணும். எதிர்ப்பதிவு போடச் சொல்லிக் கேட்கிற இயக்கம் என்று இதை நடத்தலாம்.

மூன்று. அந்தச் சட்டம் போலீஸ் அளவெடுக்கிறவர்கள் என்று சொல்வது தண்டனை பெற்றவர், நன்னடத்தைப் பிணை எழுதிக்கொடுக்க உத்தரவானவர், கைதானவர். மற்றவரிடம் எடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும். பஸ்ஸுக்கு நிற்கிற பையனை நிறுத்திப் படம் எடுக்க அதில் இடமில்லை. எந்தச் சட்டத்தில் எடுக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்கக் கற்றுக்கொடுங்கள். தனியாகக் கேட்டால் அடி விழும், தெரியும். அதனால்தான் கூடிக் கேட்கணும் என்கிறேன். பதிவேட்டில் எத்தனை பேர், தண்டனை பெற்றவர் எத்தனை, சாதிவாரியாக எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுத்த கடிதத்தையே துண்டறிக்கையாக அச்சடியுங்கள்.

நான்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, அந்தச் சட்டத்து வழக்கு நடவடிக்கைகள் எல்லாம் காணொளியில் பதிவு செய்யப்படணும் என்கிறது. நம்மைப் பாதுகாக்க எழுதப்பட்ட கேமரா அது ஒன்றுதான். எத்தனை வழக்கில் அது ஓடுகிறது? நவீனமயத்துக்கு வருகிற பணத்தில் முதல் செலவு அதற்கு ஆகட்டும் என்று கேட்போம். பிறகு கடைவீதியைப் பார்க்கலாம்.

கடைசியாக நம் இயக்கத்துக்கு ஒன்று. பதிவேட்டில் பறையர், பள்ளர், அருந்ததியர், குறவர், இருளர் எல்லாரும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரேட்டில் இருக்கிற ஒற்றுமை நம்முடைய மேடையில் இருக்கிறதா? குறவர் குடியிருப்பில் ராத்திரி ஜீப் நிற்கும்போது சேரியில் விளக்கு எரியணும். முதல் ஆளாகப் போய் நிற்கணும், கையில் செல்போனோடு. ஜீப்பின் எண்ணையும் வந்த நேரத்தையும் எழுதிவைக்க ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டு வேணும். அவர்களிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. நம்மிடமும் ஒன்று இருக்கட்டும். அதை இன்றைக்கே தொடங்கலாம். நாற்பது பக்க நோட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும், அதற்கு எந்த மானியமும் தேவையில்லை.